குடும்பக் காணொளிகளும் டிவிடி மாற்றமும்

குடும்பக் காணொளிகளை டிவிடிக்கு மாற்றுதல் என்பது கேசட், கேமரா, கைபேசி ஆகியவற்றில் பதிவான வீட்டு நிகழ்ச்சிகளை, தொலைக்காட்சியுடன் இணைத்த டிவிடி பிளேயரில் ஓடும்படி வட்டில் எழுதித் தரும் வேலை. தமிழகத்தில் 2000-க்குப் பின் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் புகைப்பட ஸ்டூடியோக்களும் கணினி மையங்களும் இதைச் செய்தன. கணினி இல்லாத வீடுகளில் திருமணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா ஆகியவற்றின் பதிவுகளைப் பார்க்க இதுவே வழியாக இருந்தது. பெரும்பாலான வீடுகளில் இன்று அப்பதிவுகளின் ஒரே பிரதியாக எஞ்சியிருப்பதும் இந்த வட்டுகளே. டிவிடி பிளேயர்கள் புழக்கத்திலிருந்து மறைந்துவருவதால், வட்டிலிருந்து மீண்டும் கோப்புக்கு மாற்றும் தேவை எழுந்துள்ளது.

கேசட்டும் டெக்கும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982-ல் வந்தது. அவ்வாண்டு டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் விற்பனை பெருகியது. வண்ண ஒளிபரப்புக்கு இந்தியா பால் முறையைத் தேர்ந்தெடுத்தது. ஒரு படத்துக்கு 625 கோடுகள், ஒரு நொடிக்கு 25 படங்கள் என்பது அதன் அளவு. பின்னாளில் டிவிடி மாற்றத்தின் பல சிக்கல்களுக்கு இந்த அளவே அடிப்படையாக அமைந்தது.

ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976-ல் அறிமுகப்படுத்திய விஎச்எஸ் கேசட் 1980-களில் தமிழகத்தில் பரவியது. அதை ஓட்டும் கருவியை மக்கள் ‘டெக்’ என்று அழைத்தனர். டெக் வாங்க முடியாதவர்கள் தொலைக்காட்சியையும் டெக்கையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, விடிய விடிய இரண்டு மூன்று திரைப்படங்கள் பார்க்கும் வழக்கம் இருந்தது. அந்த இரவுகளில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண கேசட்டும் ஓடியது.

புகைப்படம் எடுத்துவந்த ஸ்டூடியோக்கள் வீடியோ கேமராவும் வாங்கின. தோளில் கேமராவைச் சுமந்த ஒருவரும், பளிச்சென்ற விளக்கைப் பிடித்த ஒருவருமாகத் திருமண மண்டபங்களுக்குச் சென்றனர். எடுத்த காட்சிகளை வெட்டி ஒட்டி, எழுத்துகளும் திரைப்பாடல்களும் சேர்ப்பது ‘மிக்சிங்’ எனப்பட்டது. மிக்சிங் முடிந்த கேசட் வீட்டாருக்குத் தரப்பட்டது. மூலக் கேசட்டை அழித்து அடுத்த நிகழ்ச்சிக்குப் பயன்படுத்துவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. கேசட் விலை அதற்குக் காரணம்.

காந்த நாடா நிலையற்றது. ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும். ஓடும்போது தேயும். நகலெடுக்கும் ஒவ்வொரு முறையும் படம் மங்கும். டெக்கில் சிக்கி நாடா கசங்கினால் அப்பகுதி சீராகாது. கேசட்டைத் தொடர்ந்து வந்த வட்டு, இக்குறைகளுக்கெல்லாம் முடிவாகக் கருதப்பட்டது.

வட்டின் வருகை

விசிடி எனப்பட்ட வீடியோ குறுவட்டுக்கான தரம் 1993-ல் வெளியானது. எம்பெக்-1 என்னும் சுருக்க முறையில் 352×288 புள்ளிகள் கொண்ட படத்தை அது பதிவுசெய்தது. ஒரு வட்டில் 74 நிமிடப் படம் அடங்கியது. மேற்கு நாடுகளில் பெரிதாக எடுபடாத விசிடி, ஆசிய நாடுகளில் மலிவான பிளேயர்கள் வழியே பரவியது. தமிழகத்திலும் கேசட்டின் இடத்தை முதலில் பிடித்தது விசிடியே. ஸ்டூடியோக்கள் ஒரு திருமணத்தை இரண்டு, மூன்று விசிடிகளாகப் பிரித்துக் கொடுத்தன.

டிவிடி பிளேயர் 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. டிவிடியின் சாதாரண ஒற்றை அடுக்கு வட்டு 4.7 ஜிகாபைட் கொள்ளும். எம்பெக்-2 முறையில் 720×576 புள்ளிகள் கொண்ட படத்தை அது காட்டியது. புள்ளிகளின் எண்ணிக்கையில் இது விசிடியைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். டிவிடி பிளேயர்கள் பெரும்பாலும் விசிடியையும் எம்பி3 பாடல் வட்டையும் ஓட்டியதால், பழைய வட்டுகளைக் கைவிடாமலே புதிய கருவிக்கு மாற முடிந்தது.

இரண்டு நிகழ்வுகள் தமிழகத்தில் இப்பரவலை விரைவாக்கின. முதலாவது, 2006 சட்டமன்றத் தேர்தலில் திமுக வாக்குறுதியளித்த இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்தால் 14 அங்குலப் பெட்டிகள் சிற்றூர்களின் வீடுகளுக்குச் சென்றன. இரண்டாவது, மோசர் பேயர் நிறுவனத்தின் விலைக் குறைப்பு. வட்டு உற்பத்தியாளரான அந்நிறுவனம் 2007-ல் திரைப்பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. திருட்டு வட்டுகளின் விலைக்கு அருகில் அசல் வட்டும் வந்தது. திருட்டு வட்டு அக்காலத்தில் பெரும் சிக்கலாக இருந்தது. தமிழக அரசு 2004-ல் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, வீடியோ திருட்டில் ஈடுபடுவோரையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது.

இவ்வாறு பெட்டியும் பிளேயரும் வீட்டுக்குள் வந்தன. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட கம்பிகள் இரண்டையும் இணைத்தன. கணினி வருவதற்கு முன்பே பல வீடுகளில் வட்டு வழியே படம் பார்க்கும் வசதி அமைந்துவிட்டது.

மாற்றத்தின் தேவை

வட்டு பரவிய அதே ஆண்டுகளில் கேமராக்களும் மாறின. மினிடிவி கேமரா 1995-ல் வந்தது. அதன் ஒரு மணி நேரப் பதிவு கணினியில் ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடம் கொள்ளும். பின்னர் வந்த சிறு டிஜிட்டல் கேமராக்கள் ஏவிஐ, எம்ஓவி கோப்புகளைத் தந்தன. கைபேசிகள் முதலில் 3ஜிபி, பிறகு எம்பி4 கோப்புகளைத் தந்தன. ஏவிசிஎச்டி என்னும் உயர்தர முறை 2006-ல் அறிவிக்கப்பட்டது.

டிவிடி பிளேயருக்கு இவற்றில் பெரும்பாலானவை புரியாது. கோப்பைத் திறந்து பொருள்கொள்ளும் பொதுவான கணினி அதில் இல்லை. எம்பெக்-1, எம்பெக்-2 ஆகியவற்றை விரித்துக் காட்டும் சில்லு மட்டுமே இருந்தது. ஆகவே எம்பி4 கோப்பை அப்படியே வட்டில் எழுதிக் கொண்டுவந்தவர்களின் பிளேயர், வட்டைச் சற்று நேரம் சுழற்றிவிட்டுப் படிக்க முடியவில்லை என்ற அறிவிப்பைக் காட்டியது. கோப்புகளைச் சுமக்கும் டேட்டா டிவிடியும், பிளேயரில் ஓடும் வீடியோ டிவிடியும் வேறானவை என்பதைப் பலரும் அறிந்துகொண்டது இப்படித்தான்.

2000-களின் நடுவில் டிவ்எக்ஸ் கோப்புகளை ஓட்டும் பிளேயர்கள் வந்தன. யுஎஸ்பி துளை கொண்டவையும் வந்தன. அவற்றிலும் எல்லாக் கோப்பும் ஓடவில்லை. படம் தெரிந்து ஒலி வராமலும், ஒலி வந்து படம் உறைந்தும் போயின. எந்த வீட்டுப் பிளேயரிலும் ஓடும் என்று உறுதி தரக்கூடியதாக முறைப்படி எழுதிய வீடியோ டிவிடியே இருந்தது.

மாற்றும் முறை

மாற்றம் நான்கு கட்டங்களில் நடந்தது.

முதல் கட்டம் கணினிக்குள் கொண்டுவருதல். கேசட்டாக இருந்தால் டெக்கைக் கேப்சர் கார்டுடன் இணைத்து ஓடவிட வேண்டும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும். அதைக் குறைக்க வழியில்லை. மெமரி கார்டு, பென் டிரைவ் ஆகியவற்றிலிருந்து சில நிமிடங்களில் நகலெடுக்கலாம்.

இரண்டாம் கட்டம் எம்பெக்-2 ஆக மாற்றுதல். இந்தியாவில் ஓடும் வட்டுக்கு 720×576 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள் என்பது விதி. ஒலி நொடிக்கு 48,000 மாதிரிகள் கொண்டதாக இருக்க வேண்டும். படத்துக்கு ஒதுக்கும் தரவு நொடிக்கு 9.8 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. இதற்குள் வட்டின் கொள்ளளவுக்கும் படத்தின் நீளத்துக்கும் ஏற்ப அளவைக் கணக்கிட வேண்டும். இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்குப் படமும் ஒலியும் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் கிடைக்கும். அதே வட்டில் நான்கு மணி நேரத்தை அடைத்தால் அது பாதியாகும். படம் கட்டம் கட்டமாக உடையும். ஒரே வட்டில் எல்லாம் வேண்டும் என்று கேட்ட வீட்டாருக்குக் கிடைத்தது பெரும்பாலும் இத்தகைய படமே.

மூன்றாம் கட்டம் வட்டின் அமைப்பை உருவாக்குதல். வீடியோ டிவிடிக்குள் ‘வீடியோ டிஎஸ்’ என்னும் கோப்புறை இருக்க வேண்டும். அதனுள் படத்தைச் சுமக்கும் வாப் கோப்புகளும், எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஐஎஃப்ஓ கோப்புகளும், அவற்றின் காப்புப் பிரதிகளும் இருக்கும். முகப்புப் பட்டியலும் அத்தியாயப் பிரிவும் இக்கட்டத்தில் சேரும். பெண் அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று பிரித்துக் கொடுத்த ஸ்டூடியோக்களின் வட்டுகள் மதிக்கப்பட்டன.

நான்காம் கட்டம் வட்டில் எழுதுதல். இறுதியில் வட்டை மூடும் வேலை ‘பைனலைஸ்’ எனப்படும். அது விடுபட்டால் எழுதிய கருவியில் மட்டும் வட்டு ஓடும், வீட்டுப் பிளேயரில் ஓடாது. அதிக வேகத்தில் எழுதிய வட்டுகளும் மலிவான வட்டுகளும் சில பிளேயர்களில் தடுமாறின. அனுபவமுள்ளவர்கள் குறைந்த வேகத்தில் எழுதி, கொடுப்பதற்கு முன் சாதாரணப் பிளேயர் ஒன்றில் ஓட்டிப் பார்த்தனர்.

மென்பொருள்கள்

நீரோ மென்பொருள் வட்டு எழுதப் பரவலாகப் பயன்பட்டது. விண்டோஸ் விஸ்டாவின் சில பதிப்புகளிலும் விண்டோஸ் 7-லும் டிவிடி மேக்கர் உடன் வந்தது. விண்டோஸ் 8-ல் அது நீக்கப்பட்டது. கட்டற்ற மென்பொருள்களில் டிவிடிஸ்டைலர் குறிப்பிடத்தக்கது. முகப்புப் பட்டியல் அமைப்பது முதல் வட்டு எழுதுவது வரை அனைத்தையும் அது செய்தது.

கோப்பு மாற்றும் மென்பொருள்கள் பலவற்றுக்கும் உள்ளே இயங்குவது எஃப்எஃப்எம்பெக். பிரெஞ்சு நிரலாளர் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2000-ல் தொடங்கிய இத்திட்டம் கட்டற்ற மென்பொருளாக வளர்ந்தது. பால் முறை டிவிடி என்று ஒரே கட்டளையில் குறிப்பிட்டால் புள்ளிகள், வேகம், ஒலி அளவு அனைத்தையும் அதுவே அமைத்துக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளின் தேவையை அது சிறு கடைகளுக்குப் பெருமளவு குறைத்தது.

சிற்றூர்களில்

சிங்காரப்பேட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில் கிருஷ்ணகிரி–திருவண்ணாமலை சாலையில் அமைந்த ஊர். தருமபுரியிலிருந்து 2004 பிப்ரவரியில் பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தின் கர்நாடக எல்லையில் ஓசூர் தொழிற்பேட்டை உள்ளது. அதைத் தாண்டினால் பெங்களூரு. சிங்காரப்பேட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் உள்ளது. இப்பகுதியிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் வேலைக்குச் செல்வது வழக்கம். வேலைக்குச் சென்றவர்களின் கையில் கேமராக் கைபேசியும், ஊரில் இருந்த பெரியவர்களின் வீட்டில் தொலைக்காட்சியும் டிவிடி பிளேயரும் இருந்த காலம் அது. பேரக்குழந்தையின் பிறந்தநாளை ஊரில் இருந்த தாத்தா பாட்டி பெரிய திரையில் பார்க்க, கைபேசிக் கோப்பு வட்டாக மாற வேண்டியிருந்தது.

பெங்களூருவின் எஸ்.பி. சாலையும் சென்னையின் ரிச்சி தெருவும் கணினிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற கடைத்தெருக்கள். டிவிடி ரைட்டரும் வெற்று வட்டுகளும் அங்கே மொத்தமாகக் கிடைத்தன. ரைட்டர் பொருத்திய ஒரு கணினி இருந்தால் சிற்றூரிலும் இத்தொழிலைத் தொடங்க முடிந்தது.

மின்வெட்டு இத்தொழிலின் பெரிய இடையூறு. பழைய கணினிகளில் எம்பெக்-2 ஆக மாற்றுவதற்குப் படம் ஓடும் நேரத்தைவிட அதிக நேரம் ஆனது. சென்னைக்கு வெளியே மின்வெட்டு ஒரு நாளில் பல மணி நேரம் நீடித்த 2012-ஐ ஒட்டிய காலத்தில், பாதியில் மின்சாரம் நின்றால் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. எழுதும்போது நின்றால் வட்டும் வீணானது.

தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. பள்ளி, கல்லூரி மாணவர்கள் வழியே கணினி சிற்றூர் வீடுகளுக்குள் நுழைந்தது. கோப்பை மாற்றாமலே பார்க்கும் வசதி பல குடும்பங்களுக்கு முதன்முதலாகக் கிடைத்தது அப்போதுதான்.

கடல் கடந்த வட்டுகள்

பெங்களூருவில் எழுதிய வட்டு சிங்காரப்பேட்டையில் தடையின்றி ஓடியது. இரண்டும் பால் முறை கொண்ட ஒரே நாட்டின் ஊர்கள். வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பும்போது இது சிக்கலானது. அமெரிக்காவும் கனடாவும் என்டிஎஸ்சி முறையைப் பின்பற்றின. அதில் 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். இந்தியாவில் விற்ற பிளேயர்கள் பெரும்பாலும் இரு முறை வட்டுகளையும் ஓட்டின. வட அமெரிக்காவில் விற்ற பல பிளேயர்கள் பால் வட்டை ஓட்டவில்லை.

இச்சிக்கலை அதிகம் சந்தித்தவர்கள் ஈழத்தமிழர்கள். 1983-க்குப் பின் போரால் சிதறிய குடும்பங்கள் கனடா, பிரிட்டன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நார்வே எனப் பல நாடுகளில் வாழ்ந்தன. திருமணத்துக்கும் இறுதிச் சடங்குக்கும் நேரில் செல்ல முடியாதவர்கள் பதிவைப் பார்த்தே அதில் பங்குகொண்டனர். இலங்கையும் பிரிட்டனும் பால் முறை நாடுகள், கனடா என்டிஎஸ்சி. யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குச் சென்ற கேசட் அப்படியே ஓடியது. டொரண்டோவுக்குச் சென்ற கேசட்டை மாற்ற வேண்டியிருந்தது. வட்டுக் காலத்திலும் இப்பிரிவு தொடர்ந்தது. 25 படங்களை 30 ஆக்க இடையில் படங்களை நுழைக்க வேண்டும். அப்படி மாற்றிய காட்சிகளில் நடப்பவர்களின் அசைவு விட்டுவிட்டுத் தெரிந்தது. போரில் வீட்டையும் ஊரையும் இழந்த குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த வீட்டு முற்றம் எஞ்சியிருப்பது இத்தகைய பதிவுகளில் மட்டுமே.

இழப்புகள்

எம்பெக்-2 உள்ளிட்ட சுருக்க முறைகள் கண்ணுக்கு எளிதில் தெரியாத விவரங்களை நீக்கியே கோப்பைச் சிறிதாக்குகின்றன. நீக்கியது திரும்ப வராது. கேசட்டிலிருந்து விசிடி, விசிடியிலிருந்து டிவிடி, டிவிடியிலிருந்து கைபேசிக் கோப்பு என்று ஒவ்வொரு மாற்றத்திலும் இழப்பு சேர்ந்துகொண்டே போகிறது.

கவனக்குறைவால் நேர்ந்த பிழைகளும் உண்டு. 4:3 அளவில் எடுத்ததை 16:9 ஆகக் குறித்ததால் முகங்கள் பக்கவாட்டில் விரிந்தன. ஒற்றைக் கோடுகளும் இரட்டைக் கோடுகளும் மாறி மாறி வரும் பழைய ஒளிபரப்பு முறையில் அவற்றின் வரிசையைத் தவறாகக் குறித்ததால் அசைவுகள் துள்ளின. நிமிர்த்திப் பிடித்த கைபேசிப் படங்கள் இரு புறமும் கறுப்புப் பட்டையுடன் நடுவில் சுருங்கின.

இவற்றைவிடப் பெரிய இழப்பு ஒலியில் நேர்ந்தது. மிக்சிங்கின்போது திருமணக் காட்சிகளின் இயல்பான ஒலி நீக்கப்பட்டு, முழு நிகழ்ச்சிக்கும் திரைப்பாடல்கள் சேர்க்கப்பட்டன. தாலி கட்டும் நேரத்து நாதஸ்வரமும், பந்தியில் உறவினர் பேசியதும், தாத்தா பாட்டி வாழ்த்திய சொற்களும் அவ்வாறு மறைந்தன. படம் இருந்தும் குரல் இல்லாத பதிவுகளே பல வீடுகளில் உள்ளன. மூலக் கேசட் இருந்திருந்தால் அந்தக் குரல்களை மீட்டிருக்க முடியும். மெமரி கார்டுகளுக்கும் இதுவே நேர்ந்தது. வட்டில் ஏற்றியாயிற்று என்று கார்டில் இருந்த கோப்பை அழித்துவிடுவது வழக்கமாக இருந்தது.

வட்டின் முடிவு

வீட்டில் எழுதும் வட்டு, கடையில் விற்கும் திரைப்பட வட்டிலிருந்து வேறானது. திரைப்பட வட்டில் தகவல் குழிகளாக அச்சிடப்படுகிறது. எழுதும் வட்டிலோ சாய அடுக்கு ஒன்றில் லேசர் கதிர் தடம் பதிக்கிறது. வெப்பமும் வெயிலும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் உறையின்றி வைத்த வட்டு சில ஆண்டுகளிலேயே படிக்க முடியாமல் போகக்கூடும்.

கருவிகளும் மறைந்தன. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-ல் விஎச்எஸ் டெக் உற்பத்தியை நிறுத்தியபோது அக்கருவியைத் தயாரிக்க வேறு நிறுவனம் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி இணையச் செலவு சரிந்தது. குடும்பக் காணொளிகள் கைபேசியில் நேரடியாகப் பகிரப்பட்டன. மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைத்துக் கடன் தீர்க்க 2018-ல் உத்தரவிடப்பட்டது. மடிக்கணினிகளில் வட்டு இயக்கி பொருத்தும் வழக்கமும் குறைந்தது.

காந்த நாடாக்களைப் பற்றி உலக அளவில் எச்சரிக்கை எழுந்துள்ளது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம் 2025-ஐ அவற்றின் காலக்கெடுவாகக் குறிப்பிட்டது. நாடா அழியாவிட்டாலும் ஓட்டும் கருவியும் பழுது பார்ப்பவரும் அதற்குப் பின் கிடைப்பது அரிது என்பதே அதன் பொருள்.

டிவிடியிலிருந்து கோப்பை மீட்பது ஒப்பீட்டளவில் எளிது. ஸ்டூடியோக்கள் எழுதிய வட்டுகளில் பொதுவாகத் திரைப்பட வட்டுகளைப் போன்ற பூட்டு இல்லை. வாப் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் தரம் குறையாது. அவற்றை மீண்டும் சுருக்கி எம்பி4 ஆக்கினால் ஒரு சுற்று இழப்பு கூடும். பார்ப்பதற்குச் சிறிய கோப்பு, பாதுகாப்பதற்கு நகலெடுத்த மூலம் என இரண்டையும் வைத்துக்கொள்வதே ஆவணக் காப்பாளர்கள் பின்பற்றும் முறை. ஒரே பிரதியை நம்பாமல் இரண்டு வேறு இடங்களில் சேமிப்பதும் அதன் பகுதியாகும்.

பண்பாட்டு இடம்

தமிழகத்தின் சாதாரணக் குடும்பங்களின் அசையும் படங்கள் அரசு ஆவணக் காப்பகங்களில் இடம்பெறுவதில்லை. 1980-கள் முதல் 2010-கள் வரையிலான திருமணச் சடங்குகள், வட்டார வழக்குப் பேச்சு, உடைகள், வீட்டு அமைப்பு, ஊர்த் திருவிழா ஆகியவை பதிவாகியிருப்பது வீட்டு அலமாரிகளில் உள்ள கேசட்டுகளிலும் வட்டுகளிலும்தான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் போன்ற எல்லைப் பகுதிகளில் இப்பதிவுகளுக்கு மொழியியல் மதிப்பும் உண்டு.

பெயர் அறியப்படாத ஸ்டூடியோக்காரர்களும் கணினி மையத்தினரும் செய்த மாற்றத்தால்தான் இப்பதிவுகளில் பல கேசட்டின் காலத்தைத் தாண்டி இன்றுவரை வந்துள்ளன. அதே மாற்றத்தில்தான் மூலங்கள் பலவும் கைவிடப்பட்டன. வட்டுகள் இன்னும் படிக்கக்கூடிய நிலையில் உள்ள இந்தச் சில ஆண்டுகளில் அவற்றைக் கோப்புகளாக எடுத்துவைப்பதும், அதன்பின் மூலத்தைத் தூக்கி எறியாமலிருப்பதும் அந்தந்தக் குடும்பங்களின் பொறுப்பாகவே உள்ளன.